சந்தைச் சிலுவையடியில் எமிலியானா அக்கா

எமிலியானா அக்காவில் எனக்குள்ள கோபம் ஒன்றே ஒன்றுதான். எதைச் செய்வதென்றாலும் கேட்டுத்தான் செய்வார்.

இத்தாலியில், இந்தப் பலெர்மோ நகரத்தில், ஒருவரும் எதையும் கேட்டுச் செய்வதில்லை. நடைபாதையில் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து விடுகிறவன் யாரையும் கேட்பதில்லை. பல்கனியைக் கண்ணாடியால் அடைத்து அறையாக்குகிறவன் கேட்பதில்லை. நடுத்தெருவில் இறைச்சி வாட்டி அந்தத் தெரு முழுவதையும் புகையால் நிரப்புகிறவனும் கேட்பதில்லை. கேட்டால் இல்லை என்பார்கள், கேட்காவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இந்த ஊர்க் குழந்தைகளுக்கே இது தெரியும். மன்னார் பேசாலையில் பிறந்து, இங்கே வந்து பாதி வாழ்க்கை குப்பை கொட்டிய எமிலியானா அக்காவுக்கு மட்டும் தெரியவில்லை. அதனால்தான் இன்றைக்கு அவர் படும் பாட்டை நான் மூன்றாம் மாடியில் நின்று பார்த்துப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் குகனேஸ்வரி. யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்பக்கம் ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. அதைப் பார்த்தபடி நிற்கும் பழைய வீடொன்றில், படுத்த படுக்கையாய் இருக்கும் ஒரு சிஞ்ஞோராவை, இத்தாலிய வீட்டுக்கார அம்மாவை, பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தச் சதுக்கத்தின் நடுவில் ஒரு கல் சிலுவை. மூன்று படி, படியின் மேல் ஆளுயரத்துக்கும் கூடுதலான ஒரு தூண், தூணின் தலையில் குட்டையான கைகளோடு சிலுவை. ஒரு கையின் நுனி உடைந்து போயிற்று. எந்தக் காலத்தில் உடைந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இங்குள்ள தமிழ்ச் சனம் அந்த இடத்துக்குச் சிலுவையடி என்று பெயர் வைத்து, ‘பின்னேரம் சிலுவையடிக்கு வாறன்’ என்று போனில் சொல்லிக்கொள்ளும்.

அந்தச் சிலுவை பட்ட சீரழிவைச் சொல்லி முடியாது. மீன் விற்கும் தோத்தோ தன் மின்குமிழ் வயரை அதன் கழுத்தில்தான் சுற்றியிருந்தான். வெறும் மீன் பெட்டிகளை மேல்படியில் அடுக்கினான். தேர்தலுக்குத் தேர்தல் யாராவது ஒருவரின் சிரித்த முகத்தை அதில் ஒட்டுவார்கள், அடுத்த தேர்தலுக்கு அந்தச் சிரிப்புக்கு மேலே இன்னொரு சிரிப்பை ஒட்டுவார்கள். இரவில் குடித்துவிட்டு வருகிறவர்கள் அதன் பின்பக்கத்தில் செய்ததை நான் எழுதப்போவதில்லை. அதற்கு வயது நானூறு வருடத்துக்கு மேல் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெட்டியை வேறெங்கே அடுக்குவது?

சிலுவையின் கீழ்ப்படியில் கடை போட ஒருவரும் விரும்பியதில்லை. கோடையில் உச்சி வெயில் விழுகிற இடம் அது ஒன்றுதான், மீன் பத்து மணிக்கே மணக்கத் தொடங்கிவிடும். அதைச் சிலுவைக்கு மீன் பிடிக்காது என்று மாற்றிச் சொல்லி, காலாகாலமாய் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். எமிலியானா அக்கா விற்பது மரக்கறி, அதனால் அந்தப் படியில் அவர் கடை போட்டார். முருங்கைக்காய், கறிவேப்பிலை, பாகற்காய், வெண்டிக்காய், கொச்சிக்காய். பக்கத்து ஊரான பகேரியாவில் எலுமிச்சைத் தோட்டங்களுக்கு இடையில் ஒரு துண்டுக் காணியை வாடகைக்கு எடுத்து அம்பலவாணர் என்கிற எங்கள் ஊர் மனுசன் பயிர் செய்கிறார். அக்கா விடியப் புறப்பட்டு அங்கே போய்ச் சாக்குகளை ரயிலில் ஏற்றி, நகரத்துப் பெரிய ஸ்டேசனான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறக்கி, கைவண்டிலில் போட்டுத் தள்ளிக்கொண்டு வருவார். மழை வந்தாலும் வருவார், காய்ச்சலென்றாலும் வருவார்.

அதற்கு முதல் அவர் செய்ததெல்லாம் வீட்டு வேலை. ஒரு சிஞ்ஞோரா செத்தால் அடுத்த சிஞ்ஞோரா. கரண்டியை எந்த லாச்சியில் வைப்பது, சட்டையை எத்தனையாக மடிப்பது, யன்னலை எப்போது திறப்பது என்று எல்லாவற்றையும் இன்னொருவர் சொல்லச் சொல்லச் செய்து அலுத்துப்போன மனுசி. புருசன் ஜோக்கிம் அண்ணை பெரிய கட்டிடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுகிறார். வாய் திறந்து பேச மாட்டார். இருவருமாகச் சேர்ந்து இந்த ஊரில் துடைக்காத இடம் குறைவு. ஒருநாள் நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன்.

“அக்கா, சிஞ்ஞோரா வீடெண்டால் நிழலிலை இருக்கலாம். இந்த வெயிலுக்கை நிண்டு காயிறதுக்கு உங்களுக்கு என்ன தலைவிதியே?”

“குகனேஸ், அந்த முருங்கைக்காயை இந்தப் பக்கம் வைக்கிறனோ அந்தப் பக்கம் வைக்கிறனோ எண்டு இஞ்சை என்னை ஒருத்தரும் கேக்கேலாது. பலெர்மோவிலை எனக்கு அப்பிடி ஒரு இடம் இது ஒண்டுதான். உனக்கு விளங்குதே?”

எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து வெயிலைப் பற்றி நான் கதைத்ததில்லை.

பிரச்சினை ஜோக்கிம் அண்ணை வழுக்கி விழுந்ததில் தொடங்கியது. சோப்புத் தண்ணீர் ஊற்றிய சலவைக்கல் படியில் தலைகீழாக உருண்டார். இடுப்பு எலும்பு முறிந்தது, பிழைத்து நடப்பாரோ என்றிருந்தது. அக்கா சிலுவையைப் பிடித்துக்கொண்டு அந்தோனியாருக்கு நேர்ந்தார். மனுசன் எழும்பி நடந்தால், இந்தச் சிலுவையைக் கழுவி, வெள்ளையடித்து, மாலை போட்டு, திருநாளுக்கு வருகிற சனத்துக்கெல்லாம் பாண் கொடுப்பேன் என்று. பேசாலைப் பக்கத்தில் அது வழக்கம். திருநாள் வருகிறதென்றால் சந்திச் சிலுவைகளைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று ஆக்கிவிடுவார்கள். வெள்ளையடிக்காத சிலுவை அவர்களுக்கு எண்ணெய் வைக்காத தலை மாதிரி.

ஜோக்கிம் அண்ணை எழும்பி நடந்தார். இனி என்ன, வாளியையும் தும்புத்தடியையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவ வேண்டியதுதானே? தோத்தோவே சொன்னான். அவன் இத்தாலியனில் சொன்னதை நான் என் தமிழில் சொல்கிறேன்: “ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆளில்லாத நேரம் கழுவிவிடு எமிலியானா. நான் குழாய் தாறன். கழுவினதெண்டே ஒருத்தனும் கவனிக்க மாட்டான்.”

“கேக்காமல் எப்பிடிச் செய்யிறது? அது எங்கடை சிலுவையில்லையே. அவையின்ரை நாடு” என்றார் அக்கா என்னிடம்.

“கேட்டால் என்ன சொல்லுவினம் எண்டு உங்களுக்குத் தெரியாதே?”

“கழுவுறதுக்கு ஆர் பிள்ளை இல்லையெண்டு சொல்லுவினம்?”

பெர்மெஸ்ஸோவுக்காக வரிசையில் நின்று நின்று வயதுபோன சனம் நாங்கள். வதிவதற்கு அனுமதி, வேலைக்கு அனுமதி, பிள்ளையைக் கூப்பிட அனுமதி. ஒரு நாட்டில் கேட்காமல் மூச்சு விட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிற பயம் எலும்புக்குள் போய் இருந்துவிட்டது. என்னிலும் அது இருக்கிறது, நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிலுவையைக் கழுவ அனுமதி கேட்கும் அளவுக்கு எனக்கு முற்றவில்லை.

அக்கா நகரத்து அலுவலகமொன்றுக்குப் போனார். அங்கே இருந்தவர்கள் இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அந்த இன்னொரு அலுவலகம், சிலுவை என்றால் பங்குக் குருவிடம் கேள் என்றது. பங்குக் குரு, சதுக்கம் என்றால் நகரத்தின் பொறுப்பு என்றார். கடையை என்னிடமும் ஜோக்கிம் அண்ணையிடமும் மாறி மாறி விட்டுவிட்டு மனுசி மாதக் கணக்கில் நடையாய் நடந்தார். அந்த வருடத்துத் திருநாளும் வந்து போய்விட்டது. கடைசியில் பழஞ்சின்னங்களைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில், கொட்டாவி விட்டபடி இருந்த ஒருவரின் முன்னால் இருந்து சொன்னாராம்: கழுவ வேண்டும், பூ வைக்க வேண்டும், பிறகு நல்ல வெள்ளைப் பெயின்ற் அடிக்க வேண்டும், பெயின்ற்ச் செலவும் கூலியும் தங்களுடையது.

கொட்டாவி விட்டவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டாராம்.

அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் சந்தோசம். “பாத்தியே, எழும்பி நிண்டு மரியாதையாக் கதைச்சவர். எங்கை இருக்கு, எந்தச் சந்தி எண்டெல்லாம் கேட்டு எழுதினவர். நாளைக்கே ஆள் அனுப்புறன் எண்டவர்.”  இந்த ஊரில் நாளைக்கே ஆள் அனுப்புகிறேன் என்று சொன்னால் அது நல்லதுக்கில்லை.

ஆள் வந்தது. ஒரு தொத்தோரெஸ்ஸா, பட்டம் படித்த பெண்ணை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், கழுத்தில் கண்ணாடி தொங்க, கையுறை போட்டுக்கொண்டு. படித்த நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது. சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகத் தண்ணீர் தொட்டு உரித்தாள். அடியில் தூணின் கல்லில் ஒரு தராசு செதுக்கியிருந்தது, அதன் கீழே ஒரு மீன், ஒரு கோதுமைக் கதிர். தொத்தோரெஸ்ஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இது சந்தைச் சிலுவை என்றாள். இதன் முன்னால்தான் அந்தக் காலத்தில் சந்தை கூடுமாம், விலை பேசி முடித்தால் இந்தக் கல்லில் கை வைப்பார்களாம். இப்படி ஒன்று இந்த நகரத்தில் வேறு இருக்கிறதாகத் தனக்குத் தெரியாது என்றாள். அக்காவின் கையைப் பிடித்து, “நீங்கள் வந்து சொன்னபடியால்தான் இது தப்பியது, சிஞ்ஞோரா” என்றும் சொன்னாள். வெள்ளையடிக்கிற கதையை மட்டும் இனி ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

அடுத்த கிழமை வேலி வந்தது. ஆளுயரத் தகர வேலி, சிலுவையைச் சுற்றி மட்டுமல்ல, சதுக்கத்தின் பாதியைச் சுற்றி. நாலு மாத வேலை என்று பலகையில் எழுதியிருந்தது. அக்கா கேட்டது ஒரு வாளித் தண்ணீருக்கு அனுமதி. அவர்கள் கொடுத்தது வேலி!

நாலு மாதம் மூன்று கோடையாக நீண்டது. முதல் மாதம் இரண்டு பேர் வந்து கம்புகள் கட்டி மேடை போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த மேடையில் ஏறியது பூனைகள் மட்டும்தான். காசு வரவில்லை என்றார்கள், கொம்பனி மாறிவிட்டது என்றார்கள், கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது என்றார்கள். உள்ளே ஆமணக்கு முளைத்து மரமாகியது. நான் மேலே நின்று பார்ப்பேன், பற்றிக்கொண்டு வரும். என் சிஞ்ஞோரா படுக்கையில் இருந்தபடி, “முடித்துவிட்டார்களா?” என்று கேட்பாள். “நாளைக்கு” என்பேன்.

அக்கா வேலியோரமாகச் சாக்கை விரித்தார். அங்கே நிற்கக்கூடாது, வேலைத்தளம் என்றார்கள். தெருவின் வாயில் போட்டார். வாகனத்துக்கு இடைஞ்சல் என்றார்கள். ஒரு வீட்டு வாசலில் போட்டார், அந்த வீட்டுக்காரி மேலேயிருந்து தண்ணீர் ஊற்றினாள். போட்ட இடத்திலிருந்தெல்லாம் அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். அதைவிடக் கொடுமை, சந்தைக்காரர்கள் அவரோடு பேச்சை நிறுத்தியது. பெட்டி அடுக்க இடமில்லை, வண்டி திருப்ப இடமில்லை, சனம் வேலியைக் கண்டு வேறு சந்தைக்குப் போகிறது. எல்லாம் ஆரால்? ஒருநாள் தோத்தோ கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டான்.

“நானூறு வருசம் ஒருத்தனும் கேக்கேல்லை! நீ ஏன் கேட்டாய்? சொல்லு, நீ ஏன் கேட்டாய்?”

அக்கா வெண்டிக்காயை எடுத்து எடுத்து நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வருட முடிவில் தோத்தோ கடையை மூடிவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டான். அவனுக்குப் பக்கத்தில் ஒலிவ் விற்றவனும் போனான். தோத்தோ நின்ற இடத்தில் உப்புக்கறை மட்டும் மிஞ்சியது.

நானும் வாய்க்கு வந்தபடி பேசினேன். ஒரு ஞாயிறு, புனித ரொசாலியாவின் கோயில் இருக்கும் மலைக்கு நடந்து ஏறிக்கொண்டிருந்தோம். நாங்கள் சைவமும் கிறிஸ்தவ வேதமும் எல்லாரும் அந்த மலைக்குப் போகிறவர்கள்தான். பாதி வழியில் என் ஆத்திரம் முட்டிவிட்டது.

“பேசாமல் கழுவியிருந்தால் இந்தக் கரைச்சல் ஒண்டுமில்லை. நேத்தியும் முடிஞ்சிருக்கும், கடையும் இருந்திருக்கும். நீங்கள்தான் போய் வாயைக் குடுத்தனீங்கள்.”

“கழுவிப்போட்டு ஆரும் பிடிச்சிருந்தால்? வெள்ளையும் அடிச்சிருப்பன், குகனேஸ். அந்தத் தராசு, மீன் எல்லாம் பெயின்ற்றுக்குள்ளை போயிருக்கும். அதுவும் பாவம்தானே.”

“தராசும் மீனும் உங்களுக்குச் சோறு போடுமே?”

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு கல்லொன்றில் இருந்தார். சாக்குத் தூக்கித் தூக்கி அந்தக் கால் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. “எனக்குச் சோறு போடுறதுக்கு வேறை வழி இருக்கு. திரும்பவும் ஒரு சிஞ்ஞோரா வீட்டை போகலாம். போக விருப்பமில்லை. வேலி எடுபடட்டும். எடுத்த உடனை என்ரை படிக்கு நான் போவன்.” 

இந்த வருடம் வசந்தத்தில் வேலியை எடுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, வேலை அழகான வேலை. கல் தேன் நிறத்தில் மினுங்கியது. உடைந்த கையை உடைந்தபடியே விட்டிருந்தார்கள், அதுதான் சரியாம். நாடா கட்டி, மைக் வைத்து, கதிரை போட்டு, ஒரு பெரிய மனிதர் வந்து வெட்டினார். நானும் சிஞ்ஞோராவைத் தூங்கவைத்துவிட்டு இறங்கிப் போனேன். அக்கா சாக்குகளோடு வந்து சனத்தின் பின்னால் நின்றார். பேச்சு முடிந்தால் கடை போட வேண்டும் என்று நல்ல சேலை கட்டியிருந்தார்.

பெரிய மனிதர் பேசினார். எளிய வியாபாரிகளின் வியர்வை என்றார். நூற்றாண்டுகளாக இந்தச் சிலுவையின் நிழலில் வாழ்ந்த சந்தையை இன்று நகரத்துக்குத் திருப்பித் தருகிறோம் என்றார். நான் சுற்றிப் பார்த்தேன். மீன்காரன் இல்லை, ஒலிவ்காரன் இல்லை, இறைச்சிக்காரன் இல்லை. எந்தச் சந்தையைத் தருகிறார்? ஆனால் எல்லாரும் கை தட்டினார்கள். மூலையில் புதிதாகத் திறந்த மதுக்கடைக்காரன் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினான். ஏன் தட்டினான் என்று பிறகுதான் தெரிந்தது. சிலுவையைச் சுற்றி அவனுடைய மேசைகள் போட அனுமதி எடுத்திருந்தான். அவனுக்கு மட்டும் கேட்டவுடன் கிடைத்திருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் அக்கா கீழ்ப்படிக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தார். வீஜிலே ஒருவர் வந்தார். நகரத்துக் காவலர்களில் நல்ல மனுசன், கையெடுத்துக் கும்பிடுவது போல் கையை வைத்துக்கொண்டு, “சிஞ்ஞோரா, இங்கே முடியாது. நினைவுச்சின்னம்” என்றார். மேசைகள் இருக்கின்றனவே என்று நான் பாய்ந்தேன். மேசை வேறு, கடை வேறு என்றார். அக்கா தொத்தோரெஸ்ஸாவைத் தேடிப் போனார். அவள் அங்கேதான் நின்றாள், முகம் சிவந்து, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். தன் கையில் ஒன்றுமில்லை என்றாள். கல்லைக் காப்பாற்ற மட்டும்தான் தனக்கு அதிகாரமாம்.

அக்கா விடவில்லை. எனக்கு வந்தது விசர், அவருக்கு வந்தது கேள்வி. திரும்ப வீஜிலேயிடம் போனார். இத்தாலியனைத் துண்டு துண்டாக வெட்டிக் கேட்டார். நிரந்தரமாய் நிற்கக்கூடாது, சரி. நடமாடும் வியாபாரிக்கு என்ன சட்டம்? வீஜிலே யோசித்தார். நடமாடும் வியாபாரி என்றால் நடக்கலாம், சதுக்கம் எல்லாருக்கும் பொது. வாங்க ஆள் வந்தால் அந்த ஆளுக்கு விற்று முடியுமட்டும் நிற்கலாம். விற்று முடிந்தால் உடனே நடக்க வேண்டும். அதற்கான பத்திரம் தனியே எடுக்க வேண்டும்.

அக்கா பத்திரம் எடுத்தார். வாரங்கள் போயின, ஆனால் எடுத்தார். அந்தோனியார் திருநாள் கழிந்த கையோடு, நாலு சில்லு வைத்த வண்டிலொன்றில் மரக்கறியை அடுக்கிக்கொண்டு சிலுவையைச் சுற்றத் தொடங்கினார்.

நீங்கள் நினைப்பதுபோல் இது சிரிப்பில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு மனுசி ஒரு கல்லைச் சுற்றிச் சுற்றி நடப்பதை மேலே நின்று பாருங்கள், தெரியும். வண்டில் கற்களில் கடகடவென்று தூக்கிப் போடும். மேசைகளில் குளிர்பானத்தோடு இருப்பவர்கள் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். தமிழ்ப் பெண்கள் வந்து முருங்கைக்காய் கேட்டால் வண்டில் நிற்கும், கொடுத்து முடிந்தால் நகரும். அதனால் எங்கள் சனமும் ஒரு தந்திரம் பழகிவிட்டது. ஒருத்தி வாங்கி முடியுமுன் அடுத்தவள் “அக்கா, பாகக்காய் எப்பிடி?” என்று கேட்பாள், அக்காவின் கால் ஒரு நிமிடம் ஆறட்டும் என்று. வீஜிலே தன் மணிக்கூட்டைப் பார்ப்பார். கெட்ட மனுசனில்லை என்று சொன்னேனே. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் வாய் நிறையத் திட்டலாம்.

“வேறை சந்தைக்குப் போங்கோ அக்கா” என்று நான் எத்தனை தரம் சொன்னேன். “பெரிய சந்தையிலை இடம் பிடிக்கலாம். எங்கடை ஆக்கள் அங்கையும் வருவினம்.”

“அங்கை ஒராளிட்டைக் குனிஞ்சு நிண்டு இடம் எடுக்க வேணும். பிறகு அவன் சொல்லுவான் இஞ்சாலை தள்ளு, அங்காலை தள்ளு எண்டு. நான் ஒருக்கா இறங்கிப் போனால் பிறகு ஏறமாட்டன், குகனேஸ். எனக்கு என்னைத் தெரியும்.”

போன சனிக்கிழமை நல்ல வெயில். சிஞ்ஞோரா நித்திரை. நான் யன்னலைத் திறந்தேன். அக்கா வழக்கம்போல் சுற்றிக்கொண்டிருந்தார், ஆனால் வலது காலை இழுத்து இழுத்து வைத்தார். மதுக்கடை மேசைகளைத் தாண்டும்போது வண்டிலைப் பிடித்திருந்த கை வழுகியது. அப்படியே தடுமாறிப் போய்ச் சிலுவையின் கீழ்ப்படியில் குந்தினார். வண்டில் தன்பாட்டில் கொஞ்சம் உருண்டு நின்றது.

வீஜிலே ஓடிவந்தார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அக்கா குடித்தார். பிறகு அவர் சொன்னது மூன்றாம் மாடிக்கும் கேட்டது: “நீங்கள் இருக்கலாம், சிஞ்ஞோரா. எவ்வளவு நேரமும் இருக்கலாம். வண்டில்தான் நிற்கக்கூடாது.”

அக்கா எழும்பப் பார்த்தார். முடியவில்லை. இரண்டாம் தரமும் பார்த்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கி, மேசைகளுக்கு நடுவால் போய், ஒருவரையும் பார்க்காமல் வண்டிலின் பிடியைப் பிடித்தேன். அது நான் நினைத்ததைவிடப் பாரம். இந்தப் பாரத்தையா இவ்வளவு நாளும் இந்த மனுசி தள்ளியது?

“விடு, குகனேஸ், உனக்கு வேலை போகும்.”

“இருங்கோ பேசாமல்.”

தள்ளினேன். ஒரு சுற்று வந்தபோது அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. ஜோக்கிம் அண்ணை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கண்டதில்லை. பக்கத்தில் போய் இருக்க வேண்டும், தோளைப் பிடிக்க வேண்டும். ஆனால் வண்டில் நிற்கக்கூடாது. வீஜிலே எதிரே நிற்கிறார். நான் அவரைக் கடந்து போனேன்.

அடுத்த சுற்றில், “கால் எப்பிடி?” என்று கேட்டேன். பதில் வருமுன் மறுபக்கம் போய்விட்டேன். அதற்கடுத்த சுற்றில், “அழுறது காலாலை இல்லை, கோவத்தாலை” என்றார். நான் தலையாட்டிவிட்டுத் தள்ளினேன். ஒரு பெண் வந்து கறிவேப்பிலை கேட்டாள், நிறுத்திக் கொடுத்தேன், அது மேசைகளின் பக்கம், அக்காவுக்குத் தூரம்.

திரும்ப அவருக்குக் கிட்ட வந்தபோது அழுகை நின்றிருந்தது. கண்ணைத் துடைத்து, படியில் கையை ஊன்றி நிமிர்ந்து இருந்தார்.

“இது என்ரை இடம், குகனேஸ்” என்றார்.

வாயைத் திறப்பதற்குள் வண்டில் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. “ஓம் அக்கா, உங்கடை இடந்தான்” என்று சொல்வதற்கு நான் அந்தச் சிலுவையை இன்னொரு முறை முழுதாய்ச் சுற்றி வரவேண்டியிருந்தது.